ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களும் ஒரு சனிக்கிழமையும்

ஹெஸ்லெப்ரூ,
மே 6, வியாழக்கிழமை.

கோபன்ஹேகனில் ‘வட ஐரோப்பிய ஊட்டவியல் ஆய்விதழ்’ நடத்திவரும் ஆசிரியர் டாக்டர் அக்ஸெல் ப்ரூன் அவர்களுக்கு,

ஸ்வீடன் தேசம் ஹெஸ்லெப்ரூவிலிருந்து ஹில்டிங் ஓக்கர்ப்ளூம் பணிவுடன் எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி மாய்க்கனும் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக நலம். முழங்கால் என்னுடையது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் ஆய்விதழும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். தொலைபேசியில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம், தாங்கள் டென்மார்க்காரர். வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டுதான் நீங்கள் பேசுவீர்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்காது. எழுத்தில் நீங்களும் மற்ற மனிதர்களைப் போலத்தான் இருக்கிறீர்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வட்டாரத்தில் மீன்கடை, இறைச்சிக்கடை, தபால் நிலையம் எங்கேயும் என் முத்திரை விழாத தராசு கிடையாது. ஐந்து கிராம் பிசகியதற்காக என் சொந்த மைத்துனனின் பாலாடைக்கட்டிக் கடையை மூன்று நாள் இழுத்து மூடியிருக்கிறேன். இன்றுவரை அவன் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவதில்லை. அப்படிப்பட்டவன் இன்று ஒரு தப்பான தராசைக் கொஞ்ச நாளைக்குக் கண்டும் காணாமல் விடுங்கள் என்று உங்களிடம் கேட்கப்போகிறேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் விஷயம் என் மகளைப் பற்றியது.

என் மகள் பெர்னில்லாவை உங்களுக்குத் தெரியும். அதாவது பெயரளவில் தெரியும், உங்கள் தொழிலில் எல்லோரும் எல்லோரையும் பெயரளவில்தானே தெரிந்துவைத்திருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் பதவியில் ஊட்டவியல் ஆராய்ச்சி செய்கிறாள். அதில் ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் எவ்வளவு இரும்புச்சத்து இருக்கிறது என்று ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாள். அருமையான வேலை, நானே படித்தேன், ஒரு எண் பிசகவில்லை. அதை இதுவரை பதினோரு தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் ஏழு அவளே காட்டியது, மூன்று அவளுடைய பழைய பேராசிரியர் பாசத்தில் காட்டியது, கடைசி ஒன்று இரும்புப் பாலங்கள் துருப்பிடிப்பதைப் பற்றிய கட்டுரையில் எப்படியோ வந்து சேர்ந்தது. பிறகு ஆறு வருடத்துக்கு முன்னால் ‘மொறுமொறு ரொட்டியின் எதிர்பாராத விளைவு’ என்று உங்கள் இதழில் ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். அதற்கு இன்றைய தேதிக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள். போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது காபி குடித்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

“எத்தன பேரு படிச்சாங்க?” என்று கேட்டேன்.

“அத யாரும் எண்றதில்லப்பா.”

“சரி, இந்த ஆயிரத்து முந்நூறு பேருல நீ சொன்னது சரின்னு எத்தன பேரு சொன்னாங்க?”

“பாதிப் பேரு சரிங்கறாங்க, மீதிப் பேரு அதெப்படின்னு சண்டைக்கு வராங்க. ரெண்டும் ஒண்ணுதான். எந்திரம் பேர மட்டும்தான் எண்ணும், திட்டறாங்களா புகழறாங்களான்னு அதுக்குத் தெரியாது.”

“எங்க தெருவுல அறுநூறு பேரு வந்து நீ பண்ணது தப்புன்னு சொன்னா, நாங்க வீட்ட வித்துட்டு வேற ஊருக்குப் போயிடுவோம்.”

“எங்க தொழில்ல பேராசிரியர் ஆக்குவாங்க,” என்றாள் பெர்னில்லா. சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் காபியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவி ஒன்று காலியாகியிருக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதி தேர்வுக்குழு கூடுகிறது. குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் பெரிய மனிதர்கள், கட்டுரைகளைப் படிக்க நேரமில்லாதவர்கள், ஆகவே எண்களைப் பார்ப்பார்கள். பெர்னில்லாவின் எண்களில் அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதைக் கைவிரலில் எண்ணலாம் என்று சொல்ல மாட்டேன், கால்விரலும் தேவைப்படும். இந்தப் பதவி கிடைக்காவிட்டால் ஆகஸ்டோடு அவளுக்கு வேலை இல்லை. பதினாறு வருடம் ஒரு பெண் ஒரு வாசலில் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் தெரியும். இல்லையென்றால் என் வார்த்தையை நம்புங்கள், நன்றாக இல்லை.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நானும் ஒருவன். எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஓய்வூதியர் கழகத்தில் இருபத்தாறு பேரைப் பெர்னில்லா சேர்த்தாள். பன்னிரண்டு வாரம் மெத்து ரொட்டியை விட்டுவிட்டு எங்கள் ஊர் அடுமனையில் அட்டைபோல் தட்டையாகச் சுடும் மொறுமொறு ரொட்டியை மட்டும் சாப்பிட வேண்டும், வாயில் போனதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும், வாராவாரம் எடை பார்க்க வேண்டும். எல்லோரும் இளைத்துப்போவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எழுதினோம் பாருங்கள், அப்படி எழுதினோம்! நான் ரொட்டித் தூளைக்கூடத் தட்டிலிருந்து தராசுக்கு எடுத்து எழுதினேன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் குன்போர்க், இருமலுக்கு அரை மாத்திரை சப்பியதை நேரத்தோடு குறித்தாள். கரண்டியை நக்கியதை எழுதியவர்கள் மூன்று பேர். பன்னிரண்டு வாரம் முடிந்து எடை பார்த்தால், ஆளுக்குச் சராசரி இரண்டு கிலோ நூறு கிராம் ஏறியிருக்கிறோம். பெர்னில்லா குறிப்பேடுகளை நாலு தடவை கூட்டிப் பார்த்தாள். சாப்பிட்டது கொஞ்சம், ஏறியது நிறைய. அப்படியானால் அந்த ரொட்டியில் ஏதோ இருக்கிறது என்றுதானே படித்தவர்கள் நினைப்பார்கள்? நினைத்தார்கள். அதற்கு ‘ஹெஸ்லெப்ரூ விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். அதை விளக்க ஆளாளுக்கு ஒரு கொள்கை. கனடாவில் ஒருவர் இதற்கெல்லாம் காரணமான குடல் கிருமியையே கண்டுபிடித்துப் பரிசும் வாங்கிவிட்டார். கிருமியின் படம் கூடப் பார்த்தேன், பாவம், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதற்குள் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ‘உங்கள் மொறுமொறு ரொட்டி உங்களைக் குண்டாக்குகிறதா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். நூற்றுப்பத்து வருடமாக ஓடிய எங்கள் அடுமனையின் விற்பனை பாதியாகிவிட்டது. முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். ஜூன் முப்பதாம் தேதி மூடுவதா வேண்டாமா என்று முதலாளிமார் முடிவு செய்யப்போகிறார்கள். அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் சிக்ஸ்டன் ரூஸன்வால் என் அடுத்த வீட்டுக்காரன். போன ஞாயிற்றுக்கிழமை நான் வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து கத்தரியோடு அவன் தலை எழும்பியது.

“உன் பொண்ணுக்குப் பேராசிரியர் பதவியாமே? முப்பத்தொரு பேரு அடுப்ப அணச்சு ஒருத்திக்கு விளக்கேத்துறீங்க, நல்லா இருங்கடா!”

“ஆராய்ச்சில வந்தத அவ எழுதினா. நாங்க இருபத்தாறு பேரும் ஒரு தூசி விடாம எழுதிக் குடுத்தோம். நான் தராசு பாத்தவன், சிக்ஸ்டன், எங்கிட்ட வராத.”

“பெரிய தராசு! அந்தப் பன்னெண்டு வாரமும் மிட்டாய்க்கட வரிசைல உனக்குப் பின்னாடிதானே நான் நின்னேன்? கரண்டி கரண்டியா அள்ளிப் பையில போட்டியே, அத எழுதுனியா?”

“அத எதுக்கு எழுதணும்?” என்றேன். “அது சாப்பாடு இல்லியே. சனிக்கிழம.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அவன் கையில் இருந்த கத்தரி கீழே போனது.

ஐயா, உங்கள் ஊரில் மிட்டாய் தின்னும் நாள் வெள்ளிக்கிழமை என்று கேள்வி, ஆகவே உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஞாயிறு முதல் வெள்ளி வரை ஒருவனும் மிட்டாயைத் தொட மாட்டான். சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயும் கார் வடிவ ஜெல்லிகளும் சாக்லேட் உருண்டையும் பை நிறைய அள்ளி, எடை போட்டு, வீட்டுக்கு வந்து தின்று தீர்ப்பான். பிறந்ததிலிருந்து அப்படித்தான். குறிப்பேட்டில் சனிக்கிழமைக்கும் பக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. காலை, மதியம், இரவு, இடையில் என்று நாலு கட்டம். மிட்டாய் காலையும் இல்லை, மதியமும் இல்லை, இடையிலும் இல்லை. அது சனிக்கிழமை. எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்று மாலையே முழங்காலைப் பொருட்படுத்தாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இருபத்தாறில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள், என்னை விட்டால் மிச்சம் இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில். குன்போர்க் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதயெல்லாமா எழுதுவாங்க, ஹில்டிங்? சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறது பெர்னில்லாவுக்குத் தெரியாதா? அவளும்தானே வரிசைல நின்னா?” நின்றாள்தான். வாரக் குறிப்பேடுகளை வாங்க எங்கள் மகள் சனிக்கிழமைதான் ஊருக்கு வருவாள், கடை வாசலிலேயே எங்களிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கும் கால் கிலோ வாங்கிப்போவாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கடைத் தராசை நான் சனிக்கிழமைதோறும் சரிபார்த்துக் குறித்துவைப்பது வழக்கம். கடைக்காரருக்குப் பிடிக்காது, இருந்தாலும் செய்வேன். அந்தக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. முதல் வாரம் என் பை முந்நூறு கிராம். வாரம் முழுக்க மொறுமொறு ரொட்டியைக் கடித்துக் கடித்து நாக்கு ஏங்கிப்போனதால் மெதுவாக ஏறி, பன்னிரண்டாவது வாரம் தொள்ளாயிரத்து ஐம்பது. மொத்தம் ஏழு கிலோ எழுநூறு. மாய்க்கன் அதைப் பார்த்துவிட்டு, “இத்தன வருஷமா கிருமி கிருமின்னு சொன்னாங்களே, அது நீதானா?” என்று கேட்டாள்.

ஆகவே ரொட்டி நிரபராதி. இதை உங்களிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, மனம் கொஞ்சம் லேசானது. இனிதான் நான் கேட்க வந்தது. திருத்தம் வெளியிடுங்கள். வெளியிடாமல் இருக்கச் சொல்லவில்லை, சிக்ஸ்டன் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஆனால் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு முன்னால் வேண்டாம். தயவுசெய்து தாமதியுங்கள். குழு கூடட்டும், எண்ணட்டும், ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணி முடிக்கட்டும், கையெழுத்துப் போடட்டும். இருபத்தோராம் தேதி காலையில் எதை வேண்டுமானாலும் அச்சிடுங்கள், ஜூன் முப்பதுக்குள் அச்சிட்டால் போதும், அடுமனை பிழைத்துக்கொள்ளும். நடுவில் நாற்பது நாள் இருக்கிறது, ஒரு திருத்தம் சௌகரியமாக உட்காரலாம். குற்றம் முழுக்க ஹில்டிங் ஓக்கர்ப்ளூம் என்ற முட்டாள் கிழவனுடையது என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள். பெர்னில்லாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு பிசகிய தராசைத் தெரிந்தே விடச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். என் வேலைக்காலத்தில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் கதவைக் காட்டியிருப்பேன். நீங்கள் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் மழையில்லாத கோடையும் நல்ல செரிமானமும் வாய்க்கட்டும். தங்கள் இதழ் மேலும் மேலும் மேற்கோள் காட்டப்படட்டும். மாய்க்கன் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள், முழங்காலும் சொல்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹில்டிங் ஓக்கர்ப்ளூம்
(எடை அளவு ஆய்வாளர், ஓய்வு)

பி.கு.: இன்று மே 8. மேலே உள்ள பதினோரு பக்கத்தையும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், மணிக்கட்டு வலியால் திரும்ப எழுத முடியவில்லை. தபால் கட்டணத்துக்காகக் கடிதத்தைச் சமையலறைத் தராசில் வைத்திருந்தேன். பெர்னில்லா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், நின்றபடியே முழுவதையும் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான் ஒங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும். எனக்குப் பிப்ரவரிலயே தெரியும்பா. புதுசா போர்த்துக்கல்லேருந்து ஒரு மாணவி வந்திருக்கா, பழைய குறிப்பேட்டயெல்லாம் பாத்துட்டு, ‘ஒங்க ஊர்ல மிட்டாய்க்கடை எப்பிடி நடக்குது, யாரும் எதுவும் திங்கலியே’ன்னு கேட்டா. ஒடனே எல்லாரோட சனிக்கிழமைப் பக்கத்தையும் பெரட்டிப் பாத்தேன், ஒரு மிட்டாய் இல்ல.”

“யாருகிட்டயும் சொல்லலியே?”

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஐயா, அவள் உங்களுக்குப் பிப்ரவரி பதினொன்றாம் தேதியே எழுதியிருக்கிறாள். மார்ச்சிலும் எழுதியிருக்கிறாள். உங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலை என் முன்னால் வைத்தாள். ‘மேற்படி கட்டுரை எங்கள் இதழ் வரலாற்றிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதாகும். எனவே திருத்தம் குறித்து அவசரப்பட விரும்பவில்லை. இலையுதிர் காலத்தில் பரிசீலிக்கப்படும்.’ கீழே கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தெளிவாக எழுதுகிறீர்கள், உருளைக்கிழங்கே இல்லை.

அது மட்டுமில்லை. தேர்வுக்குழுவிடமும் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். தலைவர் யோசித்துவிட்டு, “திருத்தம் இருபதாம் தேதிக்குள்ள அச்சுல வரட்டும், ஒன் மத்த வேலையோட சேத்துப் பாக்கறோம். வரலேன்னா, நீயே தப்புன்னு சொல்ற கட்டுரை ஒன் பட்டியல்ல நிக்கும்போது நாங்க எதப் பாக்கறது? மனுவத் தள்ளிட வேண்டியதுதான்” என்றாராம். நான் மூன்று நாள் உட்கார்ந்து எதற்காகக் கெஞ்சி எழுதினேனோ, அதே தாமதம்தான் என் மகளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறது.

“யாரும் கேக்காதப்ப நீ எதுக்கும்மா வாயத் தெறந்த?” என்றேன்.

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் தூக்கம் வரலப்பா. அவ்வளவுதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே மேலே ‘தாமதியுங்கள்’ என்று எழுதிய இடத்தில் ‘இன்றே’ என்று படித்துக்கொள்ளவும். பதில் எழுதும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நாங்களே கோபன்ஹேகன் வருகிறோம். ஓய்வூதியர் கழகத்தின் பேருந்தைச் சிக்ஸ்டன் ஓட்டுகிறான். உயிரோடு இருக்கும் இருபத்துமூன்று பேரும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலி கொண்டுவருகிறோம். திருத்தம் அச்சாகும்வரை உங்கள் வரவேற்பறையில் அமைதியாக உட்கார்ந்திருப்போம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், ஐயா. ஒருவருக்கும் வேறு வேலை கிடையாது.

ஹி. ஓ.